இன்னொருத்தி பெயரில்

திருப்பதி
8.1.2024

அன்புள்ள செல்வி அண்ணிக்கு,

புது வருஷத்தில் ஆண்டவர் உங்களையும் நைனாவையும் சுகத்தோடு நடத்த வேண்டுமென்று கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நானும் அவரும் மோனிகாவும் சௌக்கியம். அங்கே எப்படி என்று மறைக்காமல் எழுதுங்கள்.

இந்தக் காலத்தில் யாரம்மா கடிதம் எழுதுகிறார்கள் என்று மோனிகா சிரிக்கிறாள். அண்ணன் லாரியில் அடிபட்டு இறந்த சேதி போனில் வந்ததிலிருந்து, போன் மணி கேட்டாலே நைனா எழுந்து ரோட்டுக்குப் போய் நிற்கிறார், அதனால் அத்தை போனை அணைத்தே வைத்திருக்கிறாள் என்று சொன்னேன். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. ஸ்டாம்பு ஒட்டுவது இப்போது அவள் வேலை.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நடந்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை அண்ணி. கேக்கை எடுத்துக்கொண்டு நைனா பக்கத்தில் உட்கார்ந்தேன். பெற்ற மகள் என் முகத்தைப் பார்த்து, "யார்ம்மா நீ? நம்ம கோயிலுக்குப் புதுசா?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். அந்த மரியாதைதான் தாங்கவில்லை. நீங்கள் சமையலறையிலிருந்து ஓடி வந்து ஏதோ சொல்லிச் சமாளித்தீர்கள். பஸ்ஸில் புத்தூர் வரும்வரை அழுதேன். கொஞ்ச நாளைக்கு நான் வரவில்லை. கோழைத்தனம் என்று நீங்கள் நினைத்தாலும் சரி.

நீங்கள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றதைப் பார்த்தேன். அது என்ன? நான் பார்க்கவில்லை என்று நினைத்து நிமிர்ந்துகொண்டீர்கள்.

நைனாவுக்கு இரண்டு பனியன் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் அன்பை மறவாத,
பிரமிளா


பாலசமுத்திரம்
19.1.2024

என் அருமை பிரமிளாவுக்கு,

அண்ணி எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே இரண்டு பேரும் சாப்பிட்டோம், தூங்கினோம், எழுந்தோம். அதற்கு மேல் சுகம் என்று தனியாக ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பனியன் வந்தது. மாமா ஒன்றைப் போட்டுக்கொண்டு மற்றொன்றை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார். கேட்டால் "பண்டிகைக்கு" என்கிறார்.

என் வயிற்றில் ஒன்றுமில்லை, பித்தம்தான். சுவரில் சாய்ந்தது, சுவர் அங்கே இருந்ததால்.

புதுப் பாஸ்டர் பவன்குமார் தெலுங்குக்காரர், நல்ல மனுஷன். நாலைந்து ஊர்களைச் சேர்த்துப் பார்ப்பதால் வாரத்துக்கு ஒருநாள்தான் இங்கே வருகிறார். மற்ற நாட்களில் கோயில் எனக்கும் ஆடுகளுக்கும்தான். போன வாரம் ஒன்று உள்ளே போய்ப் பாயில் படுத்திருந்தது. மாமா மணி அடித்த காலத்தில் இப்படி நடந்திருந்தால் அந்த ஆடு பிழைத்திருக்காது.

நீ வருத்தப்படுகிறாய் என்பதால் சொல்கிறேன். நேற்று தலை வாரிவிடும்போது, "எம் பொண்ணு கைபட்டா நோவே தெரியாது. பிரமிளா மாதிரி யாரு வாரிவுடுவா" என்று யசோதாவிடம் சொன்னார். யசோதா பக்கத்து வீட்டுக்காரி, உனக்குத் தெரியுமே. ஆகவே உன்னை மறந்துவிட்டார் என்று அழாதே. முகம்தான் நழுவிப் போகிறது, நீ அங்கேதான் இருக்கிறாய்.

உன் வீட்டுக்காரர் சுரேஷ்பாபு தம்பியை விசாரித்ததாகச் சொல். மோனிகாவுக்கு முத்தம்.

ஜெபத்தில் உன்னை வைத்திருக்கும்,
அண்ணி


திருப்பதி
2.2.2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து வீட்டில் எல்லோரும் நலமாகிவிட்டோம். அப்படித்தான் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். ஸ்கூலுக்கு எடுத்துப் போய் ஸ்டாஃப் ரூமில்கூடப் படித்தேன். ஆனால் நான் எப்போது நைனாவுக்குத் தலை வாரிவிட்டேன்? சின்ன வயதில் விளையாட்டுக்கு வாரியிருப்பேனோ என்னவோ. வேறு என்ன சொல்கிறார்? எல்லாவற்றையும் எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில் அந்த வேலைக்காரன் கதையைப் பிரசங்கம் பண்ணினார்கள். நாளெல்லாம் வயலில் பாடுபட்டு வந்தவனை எஜமான் உட்காரச் சொல்லாமல், முதலில் எனக்குச் சாப்பாடு போடு என்கிறானே, அதுதான். நன்றி எதிர்பார்க்காதே, செய்ய வேண்டியதைச் செய்தேன் என்று மட்டும் சொல் என்றார் பாஸ்டர். எனக்கு எரிச்சலாக இருந்தது. உங்களைத்தான் நினைத்தேன். ஒரு வார்த்தை நன்றி சொன்னால் எஜமானுக்கு வாயா வலிக்கும்?

அதனால் ஒரு யோசனை. இங்கே மிஷன்காரர்கள் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்று இருக்கிறது, சுத்தமான இடம். நைனாவை அங்கே சேர்த்தால் உங்களுக்கும் ஓய்வு கிடைக்கும். என் வீட்டுக்காரரும் அதையே சொல்கிறார். கோபப்படாமல் யோசித்து எழுதுங்கள்.

பதிலை எதிர்பார்க்கும்,
பிரமிளா


பாலசமுத்திரம்
12.2.2024

பிரியமான பிரமிளாவுக்கு,

தேவ சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும். கோபப்படவில்லை, யோசித்தும் பார்த்தேன். வேண்டாம்.

மாமாவுக்கு இந்த வீட்டில் கதவு எந்தப் பக்கம் என்று தெரியும். வாசலில் நாற்காலி போட்டால் எதிரே கோயில் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நான் மணி அடிக்கும்போது அவருடைய கையும் கயிறு இழுக்கிற மாதிரி அசைகிறது. இதையெல்லாம் உன் சுத்தமான இடத்தில் யார் கொடுப்பார்கள்? போன வாரம் நான் சித்தூர் வரை போய்வர வேண்டியிருந்தது. யசோதா பார்த்துக்கொண்டாள். திரும்பி வரும்வரை ஒரு வாய் தின்னவில்லை என்றாள். நான் வந்து ஊட்டியதும் நல்ல பிள்ளையாகச் சாப்பிட்டார்.

அந்த வேலைக்காரன் கதையில் எனக்குக் கோபம் வந்ததில்லை. கோயிலைப் பெருக்கி முடித்ததும் யாரும் கை தட்டவில்லையென்று துடைப்பத்தை விட்டெறிய முடியுமா? அவனுக்கு ஒரு வீடு இருந்தது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. உன் அண்ணன் போன பிறகு காலையில் கண் விழித்தால், எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று படுத்தே கிடந்தேன். அப்போது உள்ளேயிருந்து மாமா "கஞ்சி" என்று கூப்பிட்டார். எழுந்தேன். அன்றைக்கு எழுந்தவள்தான். இதை ஊழியம் என்று பெரிதாகச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. என் பங்குக்கு வந்த வேலை, அவ்வளவுதான்.

வெயில் ஆரம்பித்துவிட்டது. மோனிகா மோர் குடிக்கட்டும்.

அன்புடன்,
அண்ணி


திருப்பதி
20.2.2024

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் நலம், விசாரிப்பெல்லாம் அப்புறம்.

சித்தூருக்கு எதற்குப் போனீர்கள்? உங்களுக்குச் சித்தூரில் யாரும் இல்லை. ஆஸ்பத்திரிக்கா? உண்மையை எழுதுங்கள். இந்தத் தடவை பித்தம் என்று எழுதினால் நம்ப மாட்டேன்.

பிரமிளா


திருப்பதி
11.3.2024

செல்வி அண்ணிக்கு,

சுகமா என்று கேட்டு எழுதினால் நீங்கள் பதில் போடுவதில்லை. அதனால் இந்தத் தடவை கேட்கவில்லை. எனக்கே தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை சித்தூரில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். எங்கள் பாட்டுக் குழு போயிருந்தது. சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரை யாரோ, "பாலசமுத்திரம் பாஸ்டர்காரு" என்று கூப்பிட்டார்கள். சந்தோஷமாகப் போய், "ஐயா, நான் வேதாச்சலத்தின் மகள் பிரமிளா" என்றேன். அவர் தட்டைப் பிடித்தபடியே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"லேதம்மா, இல்லம்மா," என்றார். "பிரமிளாகாரு அங்கதானே இருக்காங்க. வாராவாரம் பாக்கிறேனே. கோயில் பெருக்கிறாங்க, பெரியவருக்கு ஊட்டறாங்க. அவங்களுக்குக் கர்ப்பப்பையில கட்டி. ஆப்பரேஷனைத் தள்ளிப் போட்டுக்கினே இருக்காங்க, நாங்க பிரேயர் பண்ணிக்கினு இருக்கோம். நீங்க யாரும்மா?"

நான் யார் என்று என்னால் சொல்ல முடியவில்லை அண்ணி. பின்னாலிருந்த ஒருத்தி நகரச் சொல்லித் தள்ளினாள். தட்டில் விழுந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

தலை வாரிவிட்டது என் கை இல்லை, உங்கள் கை. அந்தக் கையைத்தான் அவர் பிரமிளா என்கிறார். ஒன்றரை மாதமாக அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தேனே, அது எனக்கு வந்ததே இல்லை. என் பெயரை எடுத்துக்கொண்டீர்கள். எனக்குக் கோபம்தான், மறைக்கவில்லை. கோபத்தோடு பயமாகவும் இருக்கிறது. கட்டி எவ்வளவு பெரியது? டாக்டர் என்ன சொன்னார்?

உடனே எழுதுங்கள். இல்லையென்றால் யசோதா போனுக்குக் கூப்பிட்டு ஊர் கேட்கச் சண்டை போடுவேன்.

பிரமிளா


பாலசமுத்திரம்
16.3.2024

என் பிரமிளாவுக்கு,

ஆண்டவர் உன் மனதை ஆற்றட்டும். மாமா சாப்பிட்டுத் தூங்குகிறார். நான் உட்கார்ந்து எழுத முடிகிறது, அந்த அளவுக்கு நலம்.

போன மழைக்காலத்தில் மாமாவுக்குத் தானாகக் குளிக்க முடியாமல் போயிற்று. நான் தண்ணீர் ஊற்றப் போனால் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். "மருமவ கையால குளிக்கிறதா? மானங்கெட்டு வாழணுமா?" என்பார். அவர் சொல்வதும் நியாயம்தானே. பக்கத்து வீட்டுப் புருஷோத்தமனைக் கூப்பிட்டேன். அன்றைக்கு அவனையும் தள்ளிவிட்டார். தொடையிடுக்கில் புண் வந்துவிட்டது. கட்டிலில் படுத்து முனகிக்கொண்டிருந்தவர் ஒருநாள், "பிரமிளா" என்று கூப்பிட்டார். வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. "இன்னா நைனா" என்றேன். அப்படியே கையை நீட்டிவிட்டார். குளிப்பாட்டி, புண்ணைத் துடைத்து, மருந்து போட்டேன். குழந்தை மாதிரி இருந்தார்.

அன்றிலிருந்து நான் பிரமிளா. புதுப் பாஸ்டர் வந்தபோது அவரே, "இவ எம் பொண்ணு" என்று சொல்லி வைத்தார். அவர் எதிரில் மறுத்துப் பேச முடியவில்லை. பிறகு தனியாகச் சொல்லலாமென்றால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், நீ அழுதுகொண்டு பஸ் ஏறினதை நான் பார்த்தேன். அவர் உன்னைப் பற்றிச் சொன்னதாக எழுதினால் உனக்கு ஆறுதல் என்று நினைத்தேன். பொய்யும் எழுதவில்லை. அவர் நேசிக்கிறது உன்னைத்தான். வாங்கி வைத்துக்கொண்டு உனக்கு அனுப்பினேன், அவ்வளவுதான்.

கட்டியைப் பற்றி. ஈஸ்டருக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும், இதற்கு மேல் தள்ளினால் தான் பொறுப்பில்லை என்றார் டாக்டர். ரத்தம் நிற்காமல் போகிறது. எனக்கும் பயமாக இருக்கிறது. ஆனால் நான் படுத்துவிட்டால் மாமாவுக்கு யார்? நீ வந்தால், யாரம்மா நீ என்று மறுபடி கேட்பார். அந்தக் கேள்வியை இன்னொரு தடவை உன் காதில் விழவைக்க எனக்கு மனம் வரவில்லை.

அண்ணி


திருப்பதி
21.3.2024

அன்புள்ள அண்ணிக்கு,

கேட்டால் கேட்கட்டும்.

ஸ்கூலில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஹெட்மாஸ்டர் முகத்தைச் சுளித்தார், சுளிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் வருகிறோம். நான் அங்கே இறங்கிக்கொள்வேன். நீங்கள் அதே வண்டியில் ஏறித் திருப்பதிக்கு வரவேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் பேசியாகிவிட்டது. வெட்டி எடுத்த பிறகு எங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும். என் கட்டிலில் படுங்கள், என் போர்வையைப் போர்த்திக்கொள்ளுங்கள். என் வீட்டுப் பாத்திரம் எதையும் தொடக்கூடாது. மோனிகாவைக் காவல் வைத்திருக்கிறேன்.

கோயில் சாவியை யசோதாவிடம் கொடுக்காதீர்கள், என்னிடம் கொடுங்கள். பெரிய வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் நான் பெருக்கிப் பாய் போடுகிறேன்.

நைனாவிடம், பிரமிளா திருப்பதிக்குப் போய்வருவாள் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

பிரமிளா


திருப்பதி
12.4.2024

என் பிரமிளாவுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். உன் கட்டிலில் உட்கார்ந்து, உன் பேனாவால் எழுதுகிறேன். ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியைச் சோதனைக்கு அனுப்பினார்கள், கெட்டது ஒன்றுமில்லை என்று நேற்று சொல்லிவிட்டார்கள். சுரேஷ்பாபு தம்பி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே முழங்கால் போட்டுவிட்டார். தெலுங்கில் என்ன ஜெபித்தார் என்று எனக்குப் பாதிதான் புரிந்தது. நானும் அழுதேன்.

ஆனால் இந்தச் சும்மா இருக்கிற வேலை எனக்கு வரவில்லை பிரமிளா. தம்பி ரசம் வைத்து டம்ளரில் ஊற்றி நீட்டுகிறார். ஒரு ஆண்பிள்ளை கொடுக்க நான் படுத்துக்கொண்டு குடிக்கிறேன். முதல் நாள் தொண்டையில் இறங்கவில்லை. மாமா என்னிடம் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. நேற்று மோனிகா குளிக்கப் போன சமயம் கொடியிலிருந்த துணியை மடித்துவிட்டேன். வந்து பார்த்துவிட்டு உன்னைவிட மோசமாகத் திட்டினாள்.

ஜன்னல் வழியாக மலைக்குப் போகிற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெயிலில் வெறுங்காலோடு போகிறார்கள். ஒரு குடம் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் வாசலில் நிற்கக் கை பரபரக்கிறது.

நீ வந்திறங்கியதிலிருந்து ஒரு வரிகூட எழுதவில்லை. யசோதா போனில் கேட்டால், "எல்லாம் நல்லாத்தான் இருக்காங்க" என்று வைத்துவிடுகிறாள். மாமா சாப்பிடுகிறாரா? உன்னை என்ன என்று கூப்பிடுகிறார்? முடியவில்லை என்றால் சொல், தையல் ஆறாவிட்டாலும் வந்துவிடுகிறேன்.

கவலையோடு,
அண்ணி


பாலசமுத்திரம்
20.4.2024

என் உயிருக்குச் சமமான அண்ணிக்கு,

உங்களைப் பிழைக்க வைத்த தேவனுக்கு நன்றி. வீட்டில் எல்லோரும் நலம். இந்தத் தடவை அது சம்பிரதாயத்துக்கு எழுதியது இல்லை.

எழுதாததற்குக் காரணம், எழுதும்படி ஒன்றும் இல்லை. முதல் வாரம் நைனா என்னைக் கிட்டவே விடவில்லை. கஞ்சியை எடுத்துப் போனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். "எம் பொண்ணு வரட்டும்" என்பார். புருஷோத்தமன் வந்து கெஞ்சிக் குளிப்பாட்டினான். இப்போது அவனைத் தள்ளிவிடுவதில்லை. பெரிய வெள்ளிக்கிழமை கோயிலைப் பெருக்கிவிட்டு வந்து பார்த்தால், காலையில் வைத்த தட்டு அப்படியே இருக்கிறது. எனக்கு வெறி வந்துவிட்டது. "நான்தான் நைனா உன் பொண்ணு. நான்தான் பிரமிளா. என்னைப் பாரு" என்று கத்தினேன். அவர் பயந்து கட்டிலின் மூலைக்குப் போய்விட்டார். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார். என்னைப் பார்த்து என் நைனா பயப்பட்டார் அண்ணி. நான் வெளியே போய்க் கோயில் படியில் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு வேண்டியதெல்லாம், சாவதற்குள் ஒருதரம் அவர் என்னைப் பார்த்து என் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதுதான். அது எனக்கு வேண்டியது. அவருக்கு வேண்டியது கஞ்சி. படியில் உட்கார்ந்து இதை ஒத்துக்கொள்ள எனக்கு நெடுநேரம் ஆயிற்று.

உள்ளே போய்த் தட்டை எடுத்துக்கொண்டு, "நான் செல்வி. உங்க மருமவ" என்றேன்.

கையை எடுத்துவிட்டுப் பார்த்தார். "செல்வியா? எங்கேம்மா பூட்ட இத்தினி நாளா? ஆளையே காணோமே" என்றார். நீங்கள் என் பெயரில் அவரோடு இருந்த அத்தனை நாளும் உங்களைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. "இங்கதான் மாமா இருக்கேன்" என்றேன். வாயைத் திறந்தார், ஊட்டினேன்.

அன்றிலிருந்து நான் செல்வி. இந்த வாரம் ஒருநாள் வாசலில் உட்கார்ந்திருந்தபோது அவராகவே பேசினார். "எம் புள்ள எத்திராஜு பூட்டான். நீ உங்க அம்மா ஊட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் உன்னைக் கேட்டிருக்க மாட்டாங்க. நீ போவல. நான் உனக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல" என்றார். பிறகு என் தலையில் கையை வைத்து, கோயிலில் ஜெபிக்கிற குரலில், "ஆண்டவரே, செல்வியைக் கைவுடாத. அவ என்னைக் கைவுடல" என்றார். தலை என்னுடையது. மற்றதெல்லாம் உங்களுடையது அண்ணி. ஒரு வார்த்தைகூடக் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் எனக்கு அனுப்பினதைப் பற்றிக் கோபப்பட்டேனே, அதை மன்னியுங்கள். அனுப்புகிறவளுக்கு எப்படி இருக்கும் என்று இப்போது தெரிகிறது.

தையல் ஆறும்வரை அங்கேயே இருங்கள். நீங்கள் வருவதாக எழுதினால் நான் கோயில் சாவியை ஒளித்து வைத்துவிடுவேன். இங்கே இருப்பது இப்போது என் முறை.

இன்று காலை நடந்ததையும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். நான் போய்ப் பார்த்தபோது நைனா எழுந்து உட்கார்ந்து, படுக்கைத் துணியைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தார். நனைத்துவிட்டார். நான் கையை நீட்டினேன். கொடுக்க மாட்டேன் என்று பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"செல்வி," என்றார், "மருமவ கிட்ட சொல்லக்கூடாதுதான். உன்னைவுட்டா யாரும் இல்ல. எம் பொண்ணு வந்தா அவகிட்ட மட்டும் சொல்லாத. திருப்பதில தனியா கீறா, பாவம். கேட்டா அழுவா. சின்னப் புள்ள."

"சொல்ல மாட்டேன் மாமா" என்றேன். துணியைக் கொடுத்துவிட்டார். துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

உங்கள்,
பிரமிளா